யூனிக்சின் உறுதி யார் கையில்?



காணி வழக்கென்றால் உறுதி, எல்லை, வேலி என்பன நாம் நன்கறிந்தவையே. கணினிக்கென எழுதப்பட்ட நிரல்வரிகள் யாருக்கு உரியன என்பதைக் குறித்து ஐக்கிய அமெரிக்காவிலே எழுந்த வழக்கொன்று பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது.

யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை 1969-ஆம் ஆண்டிற் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போர் ஆக்கத் தொடங்கினர். ஆய்வுகூடத்துக்குரிய ஏ.டி. அண்ட் டி. தொலைபேசிக் கம்பனி, 1956-இல் அரசாங்கத்துடன் செய்துகொண்ட இணக்கத்தின்படி கணினி வணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. ஆதலின் மூலநிரலைப் பல்கலைக்கழகங்களுக்குச் சொற்ப கட்டணத்துக்கு வழங்கிற்று. பேர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் அதனைத் திருத்தி வளர்த்தனர். பழைய பகுதிகளை நீக்கித் தாம் எழுதியவற்றைச் சேர்த்து 1991-இற் பகிரங்கமாக வெளியிட்டனர். 1984-இற் பழைய தளை நீங்கி வணிகத்தில் இறங்கியிருந்த தொலைபேசிக் கம்பனியின் கிளை நிறுவனம், 1992-இல் வழக்குத் தொடுத்தது. 1994-இல் இணக்கம் ஏற்பட்டபோது, ஏறக்குறைய 18,000 கோப்புகளுள் அகற்றப்பட்டவை மூன்றே! அந்த ஐயப்பாட்டுக் காலத்திலேதான், பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் வேரூன்றியது. அவர் அதற்கு ஏற்ற உரிமப் பத்திரம் றிச்சட் ஸ்டோல்மன் 1989-இல் வகுத்தது. நிரலை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் அதே உரிமையையும் சேர்த்தே வழங்குதல் வேண்டும்.

யூனிக்சோ கைமாறிக்கொண்டேயிருந்தது. 1993-இல் நொவெல், 1995-இல் சான்டா குரூஸ் ஒப்பரேஷன், 2001-இற் கல்டெரா. இந்தக் கல்டெரா தானே லினக்சை விற்று வந்த கம்பனி என்பதை நேயர்கள் மனத்திற் கொள்க. எஸ்.சி.ஓ. எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 2003 மார்ச்சில் ஐ.பி.எம். மீது நூறு கோடி டொலர் நட்டஈடு கோரி வழக்கிட்டது. யூனிக்ஸ் இரகசியங்கள் லினக்சினுட் புகுத்தப்பட்டனவாம். லினக்சைப் பயன்படுத்தும் வர்த்தக நிறுவனங்களிடமும் ஒரு செயலிக்கு 699 டொலர் உரிமக் கட்டணம் கேட்டது. எந்த வரிகள் களவாடப்பட்டன என்று திட்டமாகக் காட்டாதமையால், 2006-இல் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளிற் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டது.

அதனினும் பெரிய இடி நொவெலிடமிருந்து வந்தது. 1995-ஆம் ஆண்டு விற்பனை ஒப்பந்தத்தின் பட்டியலிற் பதிப்புரிமைகள் விலக்கி வைக்கப்பட்டிருந்தன! வாங்கியவர் உறுதியைச் சரிவரப் படித்தாரில்லை போலும். 1996-இற் செய்த திருத்தமொன்றோ பொருளை மேலும் மயக்கிற்று. 2007-இல் நீதிபதி நொவெலுக்கே உரிமை என்றார், எஸ்.சி.ஓ. முறிவுநிலை அடைந்தது. மேன்முறையீட்டு மன்றம் மீள விசாரிக்கப் பணிக்க, 2010-இல் யூரர்களும் நொவெல் பக்கமே தீர்ப்பளித்தனர். ஐ.பி.எம். வழக்கு 2021-இலேயே முடிந்தது. அக்கம்பனி செலுத்திய தொகை 1 கோடியே 42½ இலட்சம் டொலர்.

வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2004-இல், லினக்ஸ் ஆக்குநர் புதிய நடைமுறையொன்றைக் கைக்கொண்டனர். இதனைச் சமர்ப்பிக்க எனக்கு உரிமையுண்டு என உறுதிகூறி, ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் அதனை அனுப்புபவர் தம் பெயரை ஒப்பமிடுதல் வேண்டும். இன்றும் ஒப்பமில்லாத திருத்தம் ஏற்கப்படுவதில்லை.