நடுக்குரலுக்குக் கிடைத்த மேடை

வயலினுக்கும் செல்லோவுக்கும் இடைப்பட்ட குரல் வயோலாவுடையது. வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே சுருதி சேர்க்கப்படும் இந்த வாத்தியத்துக்கு, பியானோவுடன் சரிக்குச் சரியாக அமர்ந்து பாடும் வாய்ப்பு தாமதமாகவே வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் சில கன்செர்ட்டோக்கள் எழுதப்பட்டன என்றாலும், பெரும்பாலும் தந்தி நால்வர் குழுவிலும் ஆர்க்கெஸ்ட்ராவிலும் உள்குரலை நிரப்புவதே அதன் வேலையாக இருந்தது.

தாமதத்துக்கு வாத்தியத்தின் அளவும் ஒரு காரணம். வயலினின் உடற்பகுதி ஏறத்தாழ 35.5 செ.மீ. நீளம். ஒரு பஞ்சமம் இறங்கிய வாத்தியம் அதே முழக்கத்தைத் தர வேண்டுமானால் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 53 செ.மீ. இருக்க வேண்டும். அவ்வளவு பெரியதைத் தோளில் ஏந்தி, விரல்களை எட்ட வைத்து வாசிக்க இயலாது. ஆகவே பெரும்பாலான வயோலாக்கள் 38 முதல் 43 செ.மீ.க்குள் நின்றுவிடுகின்றன. விளைவாக அடித்தந்திகளின் ஒலி சற்றே கம்மியும் மங்கியும் வரும். ஏக்கத்தையும் பழங்கதைகளையும் இசையில் தேடிய ரொமான்டிக் தலைமுறைக்கு இந்தக் கம்மிய குரலே பிடித்துப்போயிற்று.

ஆனால் அந்தத் தலைமுறையின் 19-ஆம் நூற்றாண்டில்தான் பியானோ இரும்புச் சட்டமும் கனத்த கம்பிகளும் பெற்றுப் பெருங்குரல் வாத்தியமாக வளர்ந்தது. வயோலாவின் ஒலி பியானோவின் நடுப்பகுதிக்குள்ளேயே விழுவதால், பியானோ கொஞ்சம் அடர்த்தியாக ஒலித்தாலும் வயோலா காணாமல் போகும். இந்த இணைக்கு எழுதிய ஒவ்வொருவரும் இந்தச் சிக்கலுக்கு விடை காண வேண்டியிருந்தது.

தாமே வயோலா வாசித்த ஃபெலிக்ஸ் மெண்டல்சன் 1824 பிப்ரவரியில் சி மைனர் சொனாட்டாவை எழுதி முடித்தபோது அவருக்கு வயது 15. இறுதிப் பகுதியில் ஒரு நீண்ட மாறுபாட்டு வரிசை; அதில் பியானோவின் கையே ஓங்கியிருக்கிறது. இது அச்சேறியது 1966-இல். அதனால் 19-ஆம் நூற்றாண்டின் வயோலா மரபில் இதற்குப் பங்கே இல்லாமல் போனது.

அந்த மரபின் உண்மையான தொடக்கம் ராபர்ட் ஷூமானுடையது. அவர் 1849-இல் ஹார்ன், கிளாரினெட், ஓபோ, செல்லோ ஆகியவற்றுக்குப் பியானோவுடன் சிறு படைப்புகளை அடுத்தடுத்து எழுதினார். வயோலாவின் முறை 1851 மார்ச்சில் வந்தது. அப்போது டுசெல்டார்ஃப் நகரின் இசை இயக்குநராக இருந்த அவர், சில நாட்களிலேயே ‘மேர்ஷன்பில்டர்’, அதாவது தேவதைக் கதைச் சித்திரங்கள், என்ற நான்கு துண்டுகளை முடித்தார். நகர ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் வயலின் கலைஞரான வாசிலெவ்ஸ்கிக்கு அவற்றைக் காணிக்கையாக்கினார். 1858-இல் ஷூமானின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் இதே வாசிலெவ்ஸ்கிதான். 1853-இல் பான் நகரில் ஷூமானின் மனைவி கிளாராவின் பியானோவுடன் அவர் இதை மேடையில் வாசித்தார்.

எந்தக் கதை என்று ஷூமான் சொல்லவில்லை. கேட்பவரின் கற்பனைக்கே விட்டுவிட்டார். டி மைனரில் தயங்கித் தொடங்குகிறது முதல் துண்டு. இரண்டாவதில் குதிரைக் குளம்படி போன்ற தாளம். மூன்றாவதில் வயோலா ஓயாமல் விரைந்தோடுகிறது. நான்காவதோ டி மேஜரில் மெல்ல அசையும் தாலாட்டு. அதைத் துயரம் தோய வாசிக்க வேண்டும் என்று ஷூமானே குறித்திருக்கிறார். இங்கே வயோலாவின் கீழ்த்தந்திகளுக்கு இடம்விட்டுப் பியானோ அடங்கிக்கொள்கிறது. ரொமான்டிக் கால வயோலா இசையில் இதைவிட நெஞ்சைத் தொடும் பக்கங்கள் குறைவு. இருந்தும், வயலினிலும் வாசிக்கலாம் என்ற குறிப்போடுதான் 1852-இல் இது வெளியானது. வயோலாவை மட்டும் நம்பி அச்சிடுவது அந்நாளில் துணிச்சலான காரியம்.

பிறகு யோசஃப் யோவாகிமின் ‘ஹீப்ரு மெலடிகள்’, அன்டன் ரூபின்ஸ்டீனின் எஃப் மைனர் சொனாட்டா, ஆன்ரி வியூதாமின் சொனாட்டா ஆகியவை வந்தன. யோவாகிமும் வியூதாமும் வயலின் மேதைகள். வயோலாவின் ஒலிக்குறையைத் தீர்க்க வயோலாக் கலைஞர் ஹெர்மன் ரிட்டர் சுமார் 48 செ.மீ. நீளமுள்ள ‘வயோலா ஆல்டா’வை உருவாக்கினார். லிஸ்ட் 1880-இல் அவருக்காக ஒரு சிறு துண்டு எழுதித் தந்தார். கைக்கு அடங்காத அந்த வாத்தியம் நிலைக்கவில்லை.

வயோலாவின் முதன்மைச் சொத்தாக இன்று எண்ணப்படும் இரண்டு சொனாட்டாக்கள் வேறொரு வாத்தியத்துக்காகப் பிறந்தவை. 1890-இல் எழுதுவதை நிறுத்திக்கொள்ள எண்ணியிருந்த யோஹானஸ் பிராம்ஸ், அடுத்த ஆண்டு மைனிங்கன் ஆர்க்கெஸ்ட்ராவில் ரிச்சர்ட் மியூல்ஃபெல்டின் கிளாரினெட்டைக் கேட்டு மனம் மாறினார். 1894 கோடையில் பாட் இஷ்ல் ஊரில் ஓபஸ் 120 என்ற கிளாரினெட் சொனாட்டாக்கள் இரண்டும் உருவாயின. அடுத்த ஆண்டு சிம்ராக் பதிப்பகம் அவற்றை வயோலாப் பகுதியையும் சேர்த்து வெளியிட்டது.

இந்த மாற்றத்துக்கு ஒலியியல் நியாயம் உண்டு. பி ஃபிளாட் கிளாரினெட்டின் அடிமட்ட ஒலிக்கும் வயோலாவின் அடித்தந்திக்கும் இடையே ஒரு முழு ஸ்வரமே வித்தியாசம். மேல்ஸ்தாயியில்தான் இரண்டும் பிரிகின்றன: கிளாரினெட் அங்கே எளிதாக ஒளிரும், வயோலா முயன்று எட்ட வேண்டும். எனவே பிராம்ஸ் சில தொடர்களை ஒரு ஸ்தாயி இறக்கினார். சில இடங்களில் இரு தந்திகளைச் சேர்த்து ஒலிக்கச் செய்தார். முதல் சொனாட்டாவின் இரண்டாம் பகுதியில் மெதுவாக இறங்கிவரும் பாடலைக் கேட்டால், கிளாரினெட்டில் அமைதியாகத் தோன்றுவது வயோலாவில் ஆழ்ந்த துக்கமாக மாறுவது தெரியும். தம் வயோலா வடிவத்தில் பிராம்ஸுக்கு முழு நிறைவு இல்லை. வயோலாக் கலைஞர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்தச் சொனாட்டாக்கள் எழுதப்பட்ட 1894-இல்தான் பாரிஸ் கன்சர்வேட்வாரில் தியோஃபில் லாஃபோர்ஜ் தலைமையில் வயோலாவுக்கெனத் தனி வகுப்பு தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில் லயனல் டெர்ட்டிஸ் வயோலாவையே முழுநேர வாழ்வாக்கிக்கொண்டு, பிற இசையமைப்பாளர்களையும் அதற்காக எழுத வைத்தார். அவரிடம் பயின்ற ரெபெக்கா கிளார்க் 1919-இல் எழுதிய சொனாட்டா, வயோலாக் கலைஞர் ஒருவர் தம் வாத்தியத்துக்காகவே எழுதிய முதல்தரப் படைப்பு.