சுங்கானும் சுருட்டும்: ஒரு மாணவனின் கேள்வி



பாசிர் ரிஸ் வட்டாரத்தில் நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பில் சென்ற மாதம் ஒரு சிறு நிகழ்ச்சி. சிங்கப்பூரின் முதலாவது முதலமைச்சரான டேவிட் மார்ஷலைப் பற்றி ஒரு பத்தி எழுதுமாறு உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவர்களைப் பணித்திருந்தேன். 1955 ஏப்ரல் முதல் 1956 ஜூன் வரை அப்பதவியை வகித்த அவருடைய புகைப்படங்கள் பலவற்றில் ஒரு பொருள் தவறாமல் காணப்படும். ஒரு மாணவன் அதைச் சுட்டிக்காட்டி, "ஐயா, வாயில வச்சிருக்காரே, அதுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்று கேட்டான். "சுங்கான்" என்றேன். வகுப்பில் ஒருவரும் அச்சொல்லைக் கேட்டிருக்கவில்லை. "அதுல எப்படிப் புகை பிடிப்பாங்க? எது நல்ல சுங்கான்?" என்று அடுத்த கேள்வி உடனே எழுந்தது.

எனக்கு விடை தெரியும். எட்டு வயதிலேயே தெரியும். ஆயினும், "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று தள்ளிப்போட்டேன். அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, எங்கள் வகுப்பறைச் சுவரில் 'உலகிற்குத் தமிழ் தந்த சொற்கள்' என்னும் தலைப்பில் நானே ஒட்டிவைத்த அட்டை. அதில் கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் இருக்கும் இடத்தில் சுருட்டும் இருக்கிறது. மற்றொன்று என் தாத்தா. இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

புகையிலை வந்த வழி

புகையிலை நம் மண்ணின் செடியன்று. அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகள் வளர்த்த அச்செடி, கொலம்பஸின் 1492ஆம் ஆண்டுப் பயணத்திற்குப் பின் ஐரோப்பாவை எட்டியது. அங்கிருந்து போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவின் மேற்குக் கரைக்கும் தக்காணத்திற்கும் வந்து சேர்ந்தது. பீஜப்பூருக்குத் தூது சென்று திரும்பிய அசத் பேக் என்பார், 1604-05 அளவில் அக்பரின் அவைக்குப் புகையிலையையும் அதைப் புகைக்கும் கருவியையும் கொண்டுவந்து காட்டியதை எழுதிவைத்துள்ளார். பேரரசர் ஆர்வத்தோடு சிறிது புகைக்க, அரண்மனை மருத்துவர் தடுத்தாராம். அதே 1604இல் இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் புகையிலையைக் கண்டித்துத் தாமே ஒரு நூல் வெளியிட்டார். அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617இல் புகைபிடிப்பதற்குத் தடை விதித்தார். புகையிலையோடு எச்சரிக்கையும் உடன்வந்தது; புகையிலை மட்டுமே நிலைத்தது.

மொழியாசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'டொபாக்கோ', மலாயில் 'தெம்பாக்காவ்' என்று உலக மொழிகள் பலவும் அந்த அயற்பெயரையே ஏற்றுக்கொண்டன. தமிழோ புகையையும் இலையையும் சேர்த்துப் புதுப்பெயர் படைத்துக்கொண்டது. சீனிச்சர்க்கரைப் புலவர், பழனி முருகனிடம் புகையிலையைத் தூதனுப்புவதாகப் 'புகையிலை விடு தூது' என்று ஒரு சிற்றிலக்கியமே பாடிவிட்டார். அன்னத்தையும் கிளியையும் தூதுவிட்ட மரபில் அயல்நாட்டு இலை ஒன்றும் இடம்பிடித்தது என்றால், அது நம் வாழ்வில் எவ்வளவு விரைவாகக் கலந்தது என்பதை உணரலாம்.

சுருட்டு கடல் கடந்த கதை

இலையைச் சுருட்டிப் புகைப்பது நம்மவர் வழக்கமாயிற்று. சுருட்டுதல் என்னும் தொழிலின் பெயர் அத்தொழிலால் விளைந்த பொருளுக்கு ஆகிவந்தது. பொங்கல், சுண்டல் போல இதனையும் தொழிலாகுபெயர் எனலாம். 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் இச்சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கினர். ஆங்கிலத்தில் அது 'செரூட்' ஆயிற்று. இரு முனைகளும் வெட்டப்பட்டு, கூம்பாமல் நேராக இருக்கும் சுருட்டு வகைக்கு அப்பெயர் நிலைத்தது. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியமும் அதன் தமிழ்மூலத்தைக் குறிப்பிடுகிறது.

திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்த இலையைக் கொண்டு திருச்சிராப்பள்ளியிலும் அதையடுத்த உறையூரிலும் சுருட்டிய சுருட்டுகள் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரை புகழ்பெற்றன. 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கொண்டே கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று அந்தத் துப்பறிவாளர் கண்டுகொள்கிறார். ஹோம்ஸ் தாம் பெரிதும் விரும்பியது சுங்கானையே. உலகின் மிகப் புகழ்பெற்ற சுங்கான்காரருக்கு நம் சுருட்டின் சாம்பல் தெரிந்திருந்தது என்பது சுவையான செய்தி.

இன்னும் சுவையானது நம் தீவோடு தொடர்புடையது. 1782 முதல் 1882 வரை பிலிப்பீன்ஸில் புகையிலை வணிகம் ஸ்பானிய அரசின் தனியுரிமையாக இருந்தது. மணிலாவில் உருவான சுருட்டுகள் சிங்கப்பூர்த் துறைமுகத்திற்கும் வந்தன. 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூர் ஆங்கில நாளேடுகளின் விளம்பரங்களில் அவை 'மணிலா செரூட்' என்றே அழைக்கப்பட்டன. பிலிப்பினோக்கள் சுருட்டி, ஸ்பானியர் விற்று, ஆங்கிலேயர் புகைத்த பொருளுக்குத் தமிழ்ப்பெயர்!

இவ்விடத்தில்தான் நம் பெருமிதம் வழக்கமாக நின்றுவிடுகிறது. அந்த இலையை விளைவித்தவர் யார்? யாழ்ப்பாணத்து உழவர் கிணற்றிலிருந்து துலா மிதித்து நீர் இறைத்துப் புகையிலை வளர்த்தனர். அவ்விலை திருவிதாங்கூர் வரை சென்றது. உறையூரிலும் திண்டுக்கல்லிலும் தொழிலாளர் நாள் முழுவதும் தரையில் அமர்ந்து, எண்ணிக்கைக் கணக்கில் கூலி பெற்றுச் சுருட்டினர். ஈரமான புகையிலைச் செடியைக் கையாள்வோரின் தோல்வழியே நிக்கோட்டின் உடலில் ஏறி வாந்தியும் தலைச்சுற்றலும் உண்டாகும் என்பதை இன்றைய மருத்துவம் விளக்குகிறது. சொல் கப்பலேறிச் சென்றது. சுருட்டியவர் அமர்ந்த இடத்திலேயே இருந்தார்.

தாத்தாவின் சுங்கான்

இனி மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தின் பண்டகசாலையில் எழுத்தராகப் பணியாற்றினார். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது, அவருடைய மேலதிகாரி தம் சுங்கான்களுள் ஒன்றை அன்பளிப்பாகத் தந்து சென்றார். தாத்தாவின் தந்தை புகைத்தது சுருட்டு. மகன் சுங்கானுக்கு மாறியதைக் குடும்பம் ஓர் உயர்வாகவே கருதியது. அக்காலத்தில் சுருட்டு கூலிக்காரருடையது, சுங்கான் துரைமாருடையது என்னும் எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்தது.

சுங்கான் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் மடியில் அமர்ந்து கற்றது. ஐரோப்பாவில் முதலில் பரவியவை களிமண் சுங்கான்கள். மலிவானவை, எளிதில் உடைபவை. துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் கிடைக்கும் வெண்ணிற மென்கல்லைச் செதுக்கிச் செய்பவை 'மீர்ஷாம்' எனப்படும். அமெரிக்காவின் மிசூரியில் 1869 முதல் சோளக்கதிரின் தக்கையில் செய்து விற்கின்றனர். மத்தியதரைக்கடல் பகுதியில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்முண்டு 'பிரையர்'. அது வெப்பத்தைத் தாங்கும், எளிதில் கருகாது. ஆதலால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் சேன்-குளோது நகரத்துக் கைவினைஞர் அதைக் கையாளத் தொடங்கிய பின் மற்றவை பின்தங்கின. தாத்தாவினுடையது பிரையர்.

இலையிலும் வகைகள் உண்டு. வெப்பக் காற்றில் பதப்படுத்திய வர்ஜீனியா இனிப்புடையது. நிழலில் உலர்த்திய பர்லி மிதமானது. புகையூட்டிப் பதப்படுத்திய லத்தாக்கியா சிரியத் துறைமுகம் ஒன்றின் பெயரைத் தாங்கியது. யாழ்ப்பாணத்திலும் தேங்காய் மட்டையை எரித்துப் புகையூட்டும் வழக்கம் இருந்தது என்று தாத்தா பெருமையோடு சொல்வார்.

சிராங்கூன் சாலைக் கடையொன்றில் வாங்கிய தகர டப்பாவை மாலையில் அவர் திறந்ததும் நான் ஓடிச்சென்று நிற்பேன். சுங்கானை மூன்று அடுக்காக நிரப்ப வேண்டும் என்று சுங்கான்காரரிடையே ஒரு வழக்குண்டு: முதல் அடுக்கைக் குழந்தையின் கையால் அழுத்துவது போல மெதுவாக, இரண்டாவதைப் பெண்ணின் கையால் போல, மூன்றாவதை ஆணின் கையால் போல உறுதியாக. எங்கள் வீட்டில் அது உவமையன்று. முதல் அடுக்கை உண்மையிலேயே நான்தான் நிரப்பினேன். "பேராண்டி கை பட்டாத்தான் நல்லா எரியும்" என்பார் தாத்தா. அவ்வேலைக்காக நான் நாள் முழுதும் காத்திருந்ததுண்டு.

1978இல் சுங்கானின் காம்பு படியும் இடத்தில், அவருடைய கீழுதட்டில், ஆறாத புண் ஒன்று தோன்றியது. வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்று பாட்டி மஞ்சள் தடவினார். மருத்துவரிடம் சென்றபோது புற்றுநோய் தாடை வரை பரவியிருந்தது. 1980இல், பேச்சிழந்து பல மாதங்கள் கிடந்த பின், தாத்தா மறைந்தார்.

பின்னாளில் நூலகத்தில் படித்து அறிந்தேன். 1950இலேயே பிரிட்டனில் டாலும் ஹில்லும் புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் தொடர்புபடுத்தும் ஆய்வை வெளியிட்டிருந்தனர். 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை, சுங்கான் புகைப்பது உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணமாகத் தோன்றுகிறது என்று தனியே குறிப்பிட்டிருந்தது. அவ்வறிக்கை வெளிவந்து பத்தாண்டுகள் ஆன பிறகே என் விரல்கள் அந்தச் சுங்கானை நிரப்பின. செய்தி எங்கள் வீட்டை எட்டவில்லை. புகையை உள்ளிழுக்காமல் வாயிலேயே வைத்துக்கொள்வதால் சுங்கானில் தீங்கில்லை என்றுதான் தாத்தா இறுதிவரை நம்பினார்.

இன்றைய சிங்கப்பூரில்

1970இல் திரையரங்குகளிலும் பேருந்துகளிலும் புகைபிடிப்பதைத் தடுக்கும் சட்டத்தோடு தொடங்கிய நம் நாட்டின் நடவடிக்கை, படிப்படியாக வலுப்பெற்றது. 2016 ஆகஸ்ட் 1 முதல் மூக்குப்பொடி, குட்கா முதலியவை தடைசெய்யப்பட்டன. உக்கா விற்பனைக்கான கடைசி உரிமங்களும் அதற்கு முந்தைய நாளோடு முடிந்தன. 2017 ஆகஸ்டு முதல் கடைகளில் புகையிலைப் பொருள்களைப் பார்வையில் படும்படி வைக்கக்கூடாது. 2020 ஜூலை முதல் சிகரெட்டு, சுருட்டு, பீடி அனைத்துக்கும் ஒரே வகையான உறை. 2021 முதல் புகையிலை வாங்குவதற்குரிய குறைந்தபட்ச வயது 21.

எனவே லிட்டில் இந்தியாவுக்குக் கற்றல் பயணம் அழைத்துச் செல்லும்போது மாணவர் கண்ணில் புகையிலை படுவதில்லை. முனீஸ்வரன், மதுரை வீரன் படையல்களில் சுருட்டைக் கண்டவர் சிலர் இருக்கலாம். ஆனால் அவர்களைச் சூழும் ஆபத்து வேறு உருவில் வருகிறது. மின்சிகரெட்டை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 பிப்ரவரி முதலே குற்றம். அதில் எட்டோமிடேட் என்னும் மயக்கமருந்து கலக்கப்பட்டதால் 2025 செப்டம்பரில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அன்று சுங்கானைச் சுற்றி இருந்த அதே கவர்ச்சி இன்று அதைச் சுற்றி இருக்கிறது: அழகிய கருவி, இனிய மணம், "இதில் தீங்கில்லை" என்னும் பேச்சு.

மாணவனுக்கு அளித்த விடை

அடுத்த வாரம் நான் சுங்கானின் வகைகளையும் இலையின் வகைகளையும் மறைக்காமல் சொன்னேன். மூன்று அடுக்காக நிரப்பும் முறையைச் சொன்னேன். பிறகு முதல் அடுக்கை நிரப்பிய விரல்களைக் காட்டினேன். வகுப்பு அமைதியாயிற்று. கேள்வி கேட்ட மாணவன் சற்று நேரம் கழித்து, "அப்போ அந்த அட்டையில இருந்து சுருட்டை எடுத்துடலாமா ஐயா?" என்றான்.

வேண்டாம் என்றேன். சொல்லை எடுத்துவிட்டால் வரலாறும் போய்விடும். அதற்கு மாறாக, அச்சொல்லின் கீழே மாணவர்களே மூன்று வரிகள் எழுதிச் சேர்த்தனர்: யார் விளைவித்தார், யார் சுருட்டினார், யார் நோயுற்றார். இப்போது அந்த அட்டையில் மிக நீளமான குறிப்பு சுருட்டினுடையதே.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவின் கதை இருக்கக்கூடும். அவரை இகழ வேண்டியதில்லை. என் தாத்தாவை நான் இன்றும் நேசிக்கிறேன். ஆனால் கதையை முழுமையாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்து சேராத செய்தி உங்கள் பிள்ளைகளுக்கு உரிய காலத்தில் சேரட்டும்.