மல்லர் பங்கீடு

பிலிமத்தலாவைச் சந்தியிலிருந்து தவுலகலைப் பக்கமாகச் சென்றால் எம்பெக்கைத் தேவாலயத்தை அடையலாம். கதிர்காமத் தெய்வத்துக்கென, கம்பளை அரசர் காலமாகிய 14ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில் அது. அதன் மேள மண்டபத்து மரத் தூண்களிலே அன்னமும், குதிரை வீரனும், சேயை அணைத்த தாயும் செதுக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். அவற்றோடு, ஒருவரையொருவர் பற்றிப் பின்னி நிற்கும் இரு மல்லரையும் காண்கிறோம். எம் சங்கத்து இளைஞர் பலர் அந்தத் தூணின் முன் நின்று, தாம் தொலைக்காட்சியிற் பார்க்கும் மல்லர்களின் பெயர்களைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. மூத்தோர் சிலருக்கு அது பிடிப்பதில்லை. எமக்கோ, அச்சிரிப்பினுள்ளே ஆராயத்தக்க வரலாறு ஒன்று இருப்பதாகவே தோன்றுகிறது.

மற்போர் எமக்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்ற செய்தியைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றில் உள்ளது. பல்லவன் நரசிம்மவர்மன் மாமல்லன் என்றே பெயர் பெற்றான். அவன் பெயரால் மாமல்லபுரம் இன்றும் விளங்குகின்றது. பிற்காலத்தில் தாரா சிங், கிங்கொங் என்னும் பெயர்களைக் கேட்டு வளர்ந்தோர் எம் மூத்தோர். 1968ஆம் ஆண்டு பம்பாயிலே அமெரிக்க மல்லர் லூ தேஸை வென்று உலகப் பட்டம் பெற்றவர் தாரா சிங். இன்றைய இளைஞருக்கோ மற்போர் என்றதும் நினைவில் எழுவது டபிள்யூ டபிள்யூ ஈ என்னும் அமெரிக்க நிறுவனமே.

அந்நிறுவனம் நடத்துவது போட்டியன்று, நாடகம் என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். யார் வெல்வது என்பது முன்னரே தீர்மானிக்கப்படுகிறது. ஆயினும், விழுகிற விழுக்காடும் முறிகிற எலும்பும் மெய்யானவை. நாடகத்துக்கு இரு கட்சிகள் வேண்டுமன்றோ? அந்த இரு கட்சிகளை எவ்வாறு உண்டாக்கினார்கள் என்பதே எம் கதை.

1995ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதல் அமெரிக்காவிலே திங்கட்கிழமை இரவுகளில் இரண்டு நிறுவனங்கள் ஒரே வேளையில் மற்போர் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பின. ஒன்று டபிள்யூ டபிள்யூ எப். மற்றையது டபிள்யூ சீ டபிள்யூ. பின்னையது ஒரு காலத்தில் 83 வாரங்கள் தொடர்ந்து முன்னையதைப் பார்வையாளர் தொகையில் வென்றது. அக்காலத்தில் மல்லர்கள் தாமே பக்கம் மாறினர். லெக்ஸ் லூகர் என்பவர் ஒரு நிறுவனத்தில் ஆடிக்கொண்டிருந்தவாறே, முன்னறிவிப்பு எதுவுமின்றி மற்றைய நிறுவனத்தின் முதல் நிகழ்ச்சியிலே வந்து தோன்றினார். பார்த்தோர் திகைத்தனர். இரு முதலாளிகள் போட்டியிட்டபடியால் மல்லருக்கு ஊதியம் பேசும் வலிமை இருந்தது.

2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தப் போட்டி முடிந்தது. டபிள்யூ சீ டபிள்யூவை அதன் எதிரியே விலைக்கு வாங்கிவிட்டது. வென்றவருக்கு உடனே ஒரு சங்கடம் பிறந்தது. மல்லர் தொகை பெருகிவிட்டது. எதிர்த்து நிற்கவோ ஒருவருமில்லை. எதிரி இல்லாத இடத்தில் எதிரியைத் தாமே படைத்துக்கொள்ள நேர்ந்தது. "ரோ", "ஸ்மாக்டவுன்" என்னும் தம் இரு நிகழ்ச்சிகளையும் இரு வேறு முகாம்கள் ஆக்கினர். 2002 மார்ச் 25ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில், மக்கள் முன்னிலையிலே, மல்லர் பங்கீடு நடைபெற்றது. ஸ்மாக்டவுன் பக்கம் வின்ஸ் மக்மேனும், ரோ பக்கம் ரிக் பிளேயரும் நின்று மாறி மாறி ஆளெடுத்தனர். முன்னவர் முதலில் எடுத்தது ரொக் என்பவரை. பின்னவர் எடுத்தது அண்டர்டேக்கரை. பக்கத்துக்குப் பத்துத் தெரிவுகள் மேடையிலே நிகழ்ந்தன. எஞ்சியோர் சீட்டுக் குலுக்கல் முறையிற் பிரிக்கப்பட்டனர் என அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், வனவிலங்கு நிதியத்துடன் நடந்த வழக்கின் பயனாக நிறுவனத்தின் பெயரும் டபிள்யூ டபிள்யூ ஈ என மாறிற்று.

இம்முறையை அவர்கள் கண்டுபிடித்தாரல்லர். எங்கள் தோட்டத்து மைதானங்களிலே இரு தலைவர்கள் நின்று, "எனக்கு இவன், உனக்கு அவன்" என்று ஆள் பிரிப்பதைச் சிறுவரும் அறிவர். அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கில் இது சட்டமாக வந்தது 1936ஆம் ஆண்டு. பிலடெல்பியாக் கழகத்தின் பேர்ட் பெல் என்பவர், செல்வமுள்ள கழகங்களே நல்ல ஆட்டக்காரரை ஆண்டுதோறும் அள்ளிக்கொள்வதைக் கண்டு, தோற்ற கழகம் முதலில் தெரிவு செய்யட்டும் என்று யோசனை சொன்னார். வலியோரை மேலும் வலியோராக்காமல், மெலியோரைத் தூக்கி நிறுத்துவதே அதன் நோக்கம். எங்கள் நாட்டிலும் 2020இல் லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட் இவ்வாறான தெரிவுடனேயே தொடங்கியது. 2023இல் அங்கு ஏலமுறை வந்தது. அவ்வாண்டுக் கிண்ணம் கண்டி அணிக்கே கிட்டியது.

இனி, பங்கிடப்பட்டோர் கதை. டட்லி சகோதரர் என்று பெயர் பெற்ற இருவர் பல்லாண்டு இணைந்து ஆடியவர்கள். 2002ஆம் ஆண்டுப் பங்கீட்டில் பபா ரே ஒரு பக்கமும் டீவோன் மறு பக்கமுமாகப் பிரிந்தனர். தனித்தனியே அவர்கள் முன்போல் ஒளிரவில்லை. அவ்வாண்டு நவம்பர் மாதமே அவர்களை மீண்டும் ஒன்று சேர்க்க நேர்ந்தது. இரண்டு கைகள் சேர்ந்து எழுப்பும் ஓசையை ஒரு கையிடம் எதிர்பார்த்தல் தகுமோ?

மறுபுறத்தில் பங்கீடு வாழ்வு தந்ததும் உண்டு. கனடாவிற் பிறந்த பஞ்சாபியரான ஜிந்தர் மஹால் 2014இல் வேலையினின்று நீக்கப்பட்டார். 2016இல் திரும்ப அழைக்கப்பட்டபோதும் பெரும்பாலும் தோற்பதற்கென்றே மேடையேற்றப்பட்டார். 2017 ஏப்ரல் மாதத்து மாற்றத்தில் அவரை ரோவிலிருந்து ஸ்மாக்டவுனுக்கு அனுப்பினர். அங்கே இடம் காலியாக இருந்தது. பார்ப்பதற்குப் புதுக் கண்களும் இருந்தன. மே 21ஆம் நாள் ரெண்டி ஓர்ட்டனை வென்று அந்நிறுவனத்தின் தலையாய பட்டத்தைச் சூடினார். இந்திய வம்சாவளியினர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் தடவை. முடிவு எழுதப்பட்ட ஒன்றே என்பது உண்மை. ஆனால் அவரை நம்பி அவ்வாறு எழுத ஒருவர் துணிந்ததற்கு, அவர் இடம் மாறியதும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

இங்கே மலையகத்தார் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. பக்கம் மாறுவது யாருடைய விருப்பத்தினால்? லூகர் தாமே மாறினார். டட்லி சகோதரரின் பிரிவை நிறுவனம் தீர்மானித்தது. அந்த மல்லர்கள் சட்டப்படி ஊழியரல்லர், ஒப்பந்தக்காரர் என்றே கொள்ளப்படுகின்றனர். எனினும் எந்த முகாமில் ஆடுவது என்பதை முதலாளியே வகுக்கிறார். எங்கள் முன்னோர் காலத்தில் "துண்டு" என்று ஒரு கடதாசி இருந்தது. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதும் சீட்டு அது. அது இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போவது அரிது. கடனைப் புதுத் தோட்டம் கொடுக்கும். தொழிலாளியோ அங்கேயும் கடனாளியாகவே போய்ச் சேருவான். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. பெரும்பொருள் ஈட்டும் மல்லரையும், அரைவயிற்றுக் கஞ்சிக்கு உழைத்த எம் பாட்டன்மாரையும் ஒரே தராசில் வைக்க நாம் முற்படவில்லை. இடம் பெயர்பவனிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது மட்டும் இரு கதைகளுக்கும் பொதுவான கேள்வி. 2019இல் அமெரிக்காவிலே ஏ ஈ டபிள்யூ என்னும் புதிய நிறுவனம் தோன்றிய பின்னர், மல்லருக்குப் போவதற்கு இன்னொரு பெரிய வாசல் மீண்டும் திறந்தது. வாசல் இரண்டு இருந்தாலே மனிதன் நிமிர்ந்து பேசுகிறான்.

இவ்வளவும் எழுதியது எம் சங்கத்து ஆண்டு விளையாட்டுப் போட்டியை மனத்திற்கொண்டே. பட்டணப் பக்கம், தோட்டப் பக்கம் என்று வசிப்பிடத்தை வைத்தே நாம் ஆண்டுதோறும் பிரிகிறோம். ஒரே பக்கம் வெல்கிறது. தோற்ற பக்கத்துச் சிறுவர் மறு ஆண்டு வருவதில்லை. போட்டி முடிந்தபின் நடக்கும் வாய்ச்சண்டையோ, கயிறிழுத்தலைவிட நீண்டதாய் இருக்கிறது. இம்முறையை மாற்றுவோம். இரு தலைவரை நிறுத்தி, எல்லோரையும் கலந்து பிரிப்போம். சென்ற ஆண்டு தோற்றவர் முதலில் தெரிவு செய்யட்டும். சேர்ந்து பழகியோரைப் பிரிக்குமுன் அவர்களைக் கேட்போம். ஓரத்தில் நிற்கும் சிறுவனுக்குப் புது அணியிலே புது இடம் கொடுத்துப் பார்ப்போம். அடுத்த ஆண்டு மீண்டும் கலைத்துப் பிரிப்போம். அப்போது எவரும் எவருக்கும் நிரந்தர எதிரியாகார்.

எம்பெக்கைத் தூணில் நிற்கும் மல்லரை மறுமுறை பார்க்கும்போது கூர்ந்து பாருங்கள். அவர்களிலே எவர் எந்த ஊரார் என்று சிற்பி பொறிக்கவில்லை. இருவரையும் ஒரே மரத்திலேதான் செதுக்கினான்.