கத்தரியில் போன பெயர்

உடம்பு வலி, காய்ச்சல் என்று மருந்துக்கடையில் போய் நின்றால், அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரியால் வெட்டித் தருவார்கள். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தால், பளபளக்கும் தாளில் ‘...மால்’ என்று பெயரின் வால் மட்டும் இருக்கும். 500 மில்லிகிராமா 650ஆ என்ற விவரம் கடையில் தங்கிவிட்ட துண்டில் இருக்கிறது. பாராசிட்டமால் நம் கைக்கு வந்த வழியை அறிந்தால், அந்தத் துண்டின் அருமை புரியும்.

1886. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆர்னால்டு கான், பால் ஹெப் என்ற இரு மருத்துவர்கள் குடற்புழுவுக்கு நாப்தலீன் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து மாறி வந்துவிட்டது. வந்தது அசிட்டனிலைடு. புழு போகவில்லை, காய்ச்சல் இறங்கியது. ஆன்டிஃபெப்ரின் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ஆனால் சாப்பிட்ட சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாய்ந்தன. அடுத்து வந்த ஃபினாசிட்டின், வருடக்கணக்கில் விழுங்கியவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது.

இத்தனைக்கும் ஹார்மன் மோர்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1878லேயே பாராசிட்டமாலைத் தயாரித்திருந்தார். ஜெர்மானிய மருத்துவர் மேரிங் 1893இல் அதைப் பரிசோதித்து, ஃபினாசிட்டினே மேல் என்று ஒதுக்கினார். அரை நூற்றாண்டு கிடப்பில் கிடந்தது. அசிட்டனிலைடு உடம்புக்குள் பாராசிட்டமாலாக மாறித்தான் வலியைத் தணிக்கிறது என்று 1948இல் பிராடி, ஆக்சல்ராடு என்ற ஆய்வாளர்கள் காட்டிய பிறகே அதற்கு விடிவு வந்தது. 1955இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான சிரப், அடுத்த ஆண்டு பிரிட்டனில் மாத்திரை.

விழுங்கிய மாத்திரை கடைசியில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். பெரும்பகுதியை அது பக்குவப்படுத்திச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. சிறு பங்கு மட்டும் நஞ்சாக மாறும். அதைக் குளூட்டதயோன் என்ற பொருள் உடனே அடக்கிவிடும். அளவு மீறினால் குளூட்டதயோன் தீர்ந்துபோகும், நஞ்சு கல்லீரல் செல்களையே தாக்கும். தினமும் குடிப்பவர்களுக்கும் பட்டினி கிடப்பவர்களுக்கும் அந்த இருப்பு ஏற்கெனவே குறைவு.

பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சம்: 500இல் எட்டு, 650இல் ஆறு. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் அதைவிடக் குறைவு, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குழந்தைக்கு வயதைவிட எடைதான் கணக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அதே 5 மில்லி சிரப்பில் ஒரு பாட்டிலில் 125 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 250. மூடியில் ஊற்றும்முன் லேபிளைப் படியுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது எண்ணிக்கையில் அல்ல, பெயரில். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று என்று விழுங்கும் மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் பாராசிட்டமாலைத் தொடர்ந்து எடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். காசநோய்க்கான ஐசோனியசிட் எடுப்பவருக்குக் கல்லீரல் பாதிப்பு எளிதில் வரலாம். பாராசிட்டமால் போதவில்லை என்று ஐபுபுரூஃபன் என்ற வேறு வலி மருந்தின் பக்கம் தாவுவதும் ஆபத்து. டெங்கு சந்தேகம் இருக்கும்போது அது கூடவே கூடாது.

ஆகவே கடையில் கேளுங்கள்: “அண்ணே, பேரும் மில்லிகிராமும் இருக்கிற பக்கத்தோட வெட்டிக் குடுங்க.” அளவு மீறிவிட்டால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். முதல் நாள் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சுமுறிவு மருந்து இருக்கிறது. அது மிக நன்றாக வேலை செய்வது முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான்.