பனிப்பெட்டிக்குள் ஒரு கினி பிக்!

1782-ம் ஆண்டின் கடைசி. பாரீஸில் குளிர்காலம் தொடங்கிவிட்டது. ஒரு சின்னப் பிராணிக்காக இரண்டு பெரிய மனிதர்கள் பெட்டி ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர், நவீன வேதியியலுக்கு அஸ்திவாரம் போட்ட லவாய்சியர். இன்னொருவர், கணித மேதை லாப்லாஸ். பிராணி? கினி பிக்!

ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அறைகள் கொண்ட பெட்டி அது. நடுவில் ஒரு கூடை. அதில் கினி பிக். அதைச் சுற்றிலும் பனிக்கட்டித் துண்டுகள். வெளிக்காற்றின் சூடு பட்டு அந்தப் பனி உருகிவிடக் கூடாதே என்று, அதற்கும் வெளியே இன்னொரு சுற்றுப் பனி! ஆக, உள்ளே இருக்கும் பனி உருகினால் அதற்கு ஒரே காரணம் கினி பிக்கின் உடம்புச் சூடுதான். உருகிய தண்ணீரைக் கீழே பிடித்து எடை போட்டார்கள். பத்து மணி நேரத்துக்கு 13 அவுன்ஸ். அதாவது, கிட்டத்தட்ட 400 கிராம்!

'மூச்சு விடுவது என்பதே ஒரு வகையில் மெதுவாக எரிவதுதான்' என்ற மகத்தான முடிவுக்கு 1783-ல் அவர்கள் வந்தது இப்படித்தான். (பதினோரு வருடம் கழித்து, பிரெஞ்சுப் புரட்சியில் லவாய்சியரின் தலையை கில்லட்டின் வாங்கிக்கொண்டது தனிக்கதை.) அந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு விஷயம் வருகிறது. கினி பிக்கின் உள்ளுடம்பு ஏறக்குறைய பழைய சூட்டிலேயே இருந்ததாம். கை, கால் போன்ற ஓரங்கள் மட்டும் குளிர்ந்துபோய்விட்டனவாம்.

இவ்வளவும் எதற்கு என்கிறீர்களா? இன்றைக்கு உங்கள் வீட்டிலோ எதிர் ஃப்ளாட்டிலோ ஒரு குழந்தை, "ஞாயித்துக்கிழமை நம்ம கினி பிக்கைக் குளிப்பாட்டலாமா?" என்று கேட்கிறது அல்லவா, அந்தக் கேள்விக்கான பாதி பதில் அந்தப் பனிப்பெட்டிக்குள் இருக்கிறது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 கிராம் பனியை உருக்க 32 கிலோகலோரி வெப்பம் வேண்டும். பத்து மணி நேரத்துக்கு 32 என்றால், ஒரு மணி நேரத்துக்கு மூன்று சொச்சம். அந்தக் குட்டி அடுப்பின் சக்தி அவ்வளவுதான். சரி, குளிப்பாட்டி முடித்தபின் ரோமத்துக்குள் வெறும் இரண்டு டீஸ்பூன் தண்ணீர் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஆவியாகிப் போக ஏறக்குறைய ஆறு கிலோகலோரி தேவை. அறைக் காற்று கொஞ்சம் கொடுக்கும். மீதியை அந்தப் பிராணிதான் தன் உடம்பிலிருந்து கொடுத்தாக வேண்டும். பாரீஸ் பெட்டிக்குள் அதற்கு உலர்ந்த ரோமமாவது போர்வையாக இருந்தது. குளித்த பிறகு அந்தப் போர்வையும் கிடையாது!

மீதி பாதி பதிலுக்கு இன்னும் பின்னால், தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குப் போக வேண்டும். சில ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அங்கே மனிதர்கள் இதை வீட்டுப் பிராணியாக்கிவிட்டார்கள். 'கூய்' என்று பெயர் வைத்தார்கள். வளர்த்தது கொஞ்சுவதற்காக இல்லை, சாப்பிடுவதற்காக! ராத்திரிக் குளிர் எலும்பைத் துளைக்கும் மலைப்பிரதேசம். அதனால் இவை ஓடி விளையாடியது பெரும்பாலும் சமையலறைத் தரையில், அடுப்பின் கதகதப்பில்.

16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வந்தார்கள். தங்கத்தோடு கினி பிக்கும் கப்பலேறியது. 1580 வாக்கில் வரையப்பட்ட ஓர் ஓவியம் லண்டனில் இருக்கிறது. அதில் பணக்கார வீட்டுச் சிறுமி ஒருத்தி கினி பிக்கைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். சாப்பாட்டுத் தட்டிலிருந்து மடிக்கு வந்தாகிவிட்டது! பெயரில்தான் ஏகக் குழப்பம். இது பன்றியும் இல்லை, கினி நாட்டைச் சேர்ந்ததும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு 'இந்தியப் பன்றி', ஜெர்மானியர்களுக்குக் 'கடல் பன்றிக்குட்டி', நமக்கு சீமைப் பெருச்சாளி!

பிறகு ஆய்வுக்கூடங்கள் பிடித்துக்கொண்டன. 1882-ல் காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் நிரூபித்ததில் கினி பிக்குக்குப் பெரும்பங்கு உண்டு. 1907-ல் நார்வேயில் ஸ்கர்வி நோய் ஆராய்ச்சியிலும் இதுதான். ஏன் எல்லோரும் இதையே தேடிப் போனார்கள்? ஒரு காரணம், அதன் சாது குணம். கடிப்பது அபூர்வம். பயந்தால் அப்படியே உறைந்து நின்றுவிடும். காட்டில் கழுகுக்கும் நரிக்கும் இரையான பரம்பரை அல்லவா? அசையாமல் இருந்தால் எதிரி கண்ணில் படாமல் தப்பிக்கலாம் என்பது ரத்தத்தில் ஊறிய பாடம்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். தண்ணீரில் விட்டதும் அசையாமல் நிற்கிறதே, "பாரேன், சுகமா குளிக்குது!" என்று நினைத்துக்கொள்கிறோம். அது சுகமில்லை ஸார், பயம்!

அப்படியானால் குளிப்பாட்டவே கூடாதா? தேவைப்பட்டால் மட்டும். நாக்காலும் பல்லாலும் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் பிராணி இது. நாற்றம் வந்தால் முக்கால்வாசி குற்றம் கூண்டின் ஈரப் படுக்கையுடையது. அதை மாற்றுங்கள். பின்பக்கம் மட்டும் அழுக்கென்றால் அங்கே மட்டும் கழுவினால் போதும். நீள ரோம ஜாதி என்றாலோ, உடம்பெல்லாம் பிசுபிசுத்துப் போனாலோதான் முழுக் குளியல். குட்டிக்கும், சினையாக இருப்பதற்கும், நோயாளிக்கும் வேண்டாம்.

கதவு ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள். முதலில் ரோமத்தைச் சீவிச் சிக்கெடுங்கள். தொட்டியின் அடியில் ஒரு துண்டை விரியுங்கள். கால் வழுக்கினால் பயம் இரட்டிப்பாகும். தண்ணீர் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும். முழங்கையை வைத்துப் பார்த்தால் சுடவும் கூடாது, சில்லிடவும் கூடாது. மேலிருந்து பாய்ந்து தூக்காதீர்கள், கழுகு அப்படித்தான் வரும்! ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்புறத்துக்கடியில். உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி முதுகில் விடுங்கள். தலைக்கு ஊற்றும் வழக்கமெல்லாம் நம்மோடு இருக்கட்டும். கண்ணிலும் காதிலும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. நம் ஷாம்பு, சோப்பு, சீயக்காய் எதுவும் ஆகாது. சிறு பிராணிகளுக்கென்றே விற்கும் வாசனையில்லாத ஷாம்பு கொஞ்சம் போதும். அதையும் மிச்சமில்லாமல் அலசிவிட வேண்டும். எல்லாம் ஐந்து, பத்து நிமிடத்துக்குள்!

நிஜமான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஈரம் போகப் போக துண்டை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். அடி ரோமம் வரை காய வேண்டும். அந்த இரண்டு டீஸ்பூன் கணக்கு ஞாபகமிருக்கட்டும்! ஹேர் டிரையர் சத்தத்துக்கு மிரளாத பிராணி என்றால் மட்டும், குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டலாம். நன்றாகக் காய்ந்தபின் கூண்டில் விட்டு, கொஞ்சம் புல்லும் கொத்தமல்லியும் வையுங்கள். கறுமுறுவென்று தின்ன ஆரம்பித்தால் எல்லாம் நலம். தொடவே இல்லையா? ஒரு மூலையில் சுருண்டு கிடக்கிறதா? "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். அரைநாள் பட்டினிகூட இதன் குடலை முடக்கிவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்!