உள்ளரங்க ஆட்டமும் லென்ஸின் கதையும்

பேரன் பேத்திகள் உள்ளரங்கில் ஆடும் ஷட்டில், கூடைப்பந்து ஆட்டங்களைப் படம் பிடிக்கும் நண்பர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான். "கேமரா நல்ல கேமராதான் சார், படம்தான் கலங்கலாக வருகிறது." கடையில் கேட்டால் இன்னும் நீளமான ஜூம் லென்ஸை எடுத்துக் காட்டுகிறார்கள். பென்ஷன் பணத்தை அதற்குக் கொடுக்கும் முன் லென்ஸின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

1839ல் டாகேரின் புகைப்பட முறை பாரிஸில் அறிவிக்கப்பட்டபோது, லென்ஸின் துவாரம் மிகச் சிறியது. வெயிலில் உட்கார்ந்தாலும் நிமிடக்கணக்கில் அசையக்கூடாது. அடுத்த ஆண்டே, வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால், கணக்குப் போட்டே ஒரு புது லென்ஸை வடிவமைத்தார். அதன் எஃப் எண் ஏறத்தாழ 3.6. முந்தைய லென்ஸைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் ஒளியை அது உள்ளே விட்டது.

எஃப் எண் என்பது பெரிய சூத்திரமில்லை. லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான். எண் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும்.

அடுத்த பாய்ச்சல் ஜெர்மனியில். 1924ல் எர்மனாக்ஸ் என்ற சிறிய கேமரா வந்தது. இருபத்து சொச்சம் வயதே ஆன லுட்விக் பெர்டெலே அதற்கு எஃப் 2 லென்ஸ் அமைத்தார். பிறகு அது 1.8 ஆயிற்று. சட்டம் படித்த எரிக் சாலமன் இந்தக் கேமராவைத் தொப்பிக்குள் ஒளித்து எடுத்துப் போய், நீதிமன்றத்திலும் பின்னர் தலைவர்களின் மாநாடுகளிலும் பிளாஷ் இல்லாமலே படமெடுத்தார். யூதரான அவரை நாஜிகள் 1944ல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள். மனிதர்கள் தம்மை மறந்திருக்கும் கணத்தைப் பிடிக்க வழி காட்டியவர் அவர்.

மாநாட்டில் தலைவர்கள் நாற்காலியில் இருப்பார்கள், ஆட்டக்காரர் ஓடுவாரே! ஒளியும் வேண்டும், தூரத்தில் இருப்பவரை அருகில் காட்டவும் வேண்டும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி வந்த 180 மி.மீ., எஃப் 2.8 சோனார் லென்ஸ் இந்த இரண்டையும் சேர்த்துத் தந்தது. ஆள் சுமக்கத் திணறும் கனம்தான் அதற்கு விலை. கணக்கைப் பாருங்கள்: 200 மி.மீ. லென்ஸுக்கு எஃப் 2.8 வேண்டுமென்றால் துவாரம் 71 மி.மீ. இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடி மலிவாகக் கிடைக்காது.

நம் காலத்து க்ளிக் 3 கேமராவும் 125 ஏஎஸ்ஏ ஓர்வோ பிலிமும் நினைவிருக்கிறதா? அதை வைத்துக்கொண்டு மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குள் படமெடுக்க யாரும் துணியவில்லை. 2007ல் வந்த நிக்கான் டி3, 6400 ஐஎஸ்ஓவை எளிதாகத் தொட்டது. பிலிம் பட்ட பாட்டில் பாதியை இப்போது சென்சார் ஏற்றுக்கொண்டது. மீதிப் பாதி இன்றும் லென்ஸின் தலையில்தான்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். துள்ளி அடிக்கும் பிள்ளையை உறைய வைக்க ஷட்டர் ஒரு நொடியில் 500ல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மலிவு ஜூம் லென்ஸ், முழு நீளத்துக்கு இழுத்தால் பெரும்பாலும் எஃப் 5.6 தான். எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி தரும். ஒன்றில் 50ல் ஒரு பங்கு நொடி பிடிக்கும் இடத்தில், மற்றதில் 500ல் ஒரு பங்கு போதும். பிளாஷ் போடலாமே என்று நினைக்காதீர்கள். பந்தைப் பார்க்கும் பிள்ளையின் கண் கூசும். பல போட்டிகளில் தடையும் உண்டு.

ஆகவே, ஆடுகளத்தின் ஓரத்தில் உட்கார இடம் கிடைத்தால் 85 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் போதும். துவாரம் 47 மி.மீ. தான் என்பதால் விலையும் கனமும் கையை மீறாது. கேலரியில்தான் இடமென்றால் 70-200, எஃப் 2.8 தேவைப்படும். அதை வாங்குவதற்கு முன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துத் தூக்கிப் பாருங்கள். நம் தோள்பட்டையின் சம்மதமும் வேண்டுமல்லவா?