உணர்வுசார் நுண்ணறிவு

தன் உணர்ச்சிகளையும் பிறர் உணர்ச்சிகளையும் இனங்கண்டு, அவை எழும் காரணத்தை அறிந்து, சிந்தனைக்கும் செயலுக்கும் உதவும்படி அவற்றைக் கையாளும் திறன் உணர்வுசார் நுண்ணறிவு எனப்படும். 1990இல் உளவியல் கோட்பாடாக உருப்பெற்ற இக்கருத்து, அடுத்த பத்தாண்டுக்குள் மேலாண்மைப் பயிற்சியிலும் ஆள்தேர்விலும் பள்ளிக் கல்வியிலும் இடம்பிடித்தது.

முன்னோடிகள்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நுண்ணறிவுச் சோதனைகள் சொல்லாற்றல், நினைவாற்றல், தருக்கம் ஆகியவற்றையே பெரிதும் அளந்தன. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில், மனிதர்களைப் புரிந்துகொண்டு நடக்கும் 'சமூக நுண்ணறிவு' தனியான ஒரு திறன் என எழுதினார். தொழிற்சாலையின் மிகச் சிறந்த மெக்கானிக்கும் இத்திறன் இல்லாவிட்டால் ஃபோர்மேன் பதவியில் தோற்கக்கூடும் என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. 1983இல் ஹோவர்ட் கார்ட்னர் தம் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டில் தன்னை அறிதல், பிறரை அறிதல் இரண்டையும் சேர்த்தார். அதே ஆண்டில் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, முகமலர்ச்சியைக் காப்பதும் சம்பளத்துக்குச் செய்யும் உழைப்பே என்று நிறுவினார்.

கோட்பாடு

யேல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் சாலவேயும் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் ஜான் மேயரும் 1990இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறைக்கு அடித்தளம். 1997இல் அவர்கள் இத்திறனை நான்காக வகுத்தனர்: உணர்ச்சியை இனங்காணல், சிந்தனைக்குத் துணையாக்கல், புரிந்துகொள்ளல், நெறிப்படுத்தல். எரிச்சல் முற்றிக் கோபமாவதையும் கோபம் முற்றி வெறியாவதையும் முன்கூட்டியே உணர்வது மூன்றாம் வகையைச் சேரும்.

பரவல்

'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் அறிவியல் செய்திகள் எழுதிவந்த உளவியலாளர் டேனியல் கோல்மன், 1995இல் இதே தலைப்பில் வெளியிட்ட நூல் உலகெங்கும் விற்றுத் தீர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் 'டைம்' வார இதழ் இதை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. வாழ்க்கை வெற்றியில் நுண்ணறிவு ஈவின் பங்கு ஏறத்தாழ 20 விழுக்காடுதான் என்று கோல்மன் எழுதியதைப் பலர், எஞ்சிய 80 விழுக்காடும் உணர்வுசார் நுண்ணறிவே என்று வாசித்தனர். குடும்பப் பின்னணி, வாய்ப்பு, அதிர்ஷ்டம் எல்லாம் அந்த எச்சத்தில் அடக்கம். கோல்மனே பின்னர் திருத்தியும் அந்தத் தவறான கணக்கு பயிற்சி வகுப்புகளில் இன்றும் உலவுகிறது.

அளவீடு

ரூவன் பார்-ஆன் 1997இல் வெளியிட்ட சோதனை, ஒருவர் தம்மைப் பற்றித் தாமே தரும் விடைகளைக் கொண்டது. திறன் குறைந்தவருக்குத் தம் குறை தெரியாமல் போகலாம் என்பது இம்முறையின் பலவீனம். மேயர், சாலவே, டேவிட் கரூசோ மூவரும் 2002இல் வெளியிட்ட சோதனை வேறு வகையானது. ஒரு முகப்படத்தைக் காட்டி, அதில் மகிழ்ச்சி எவ்வளவு, அச்சம் எவ்வளவு என மதிப்பிடச் சொல்கிறது. சரியான விடை எது என்பதை 21 வல்லுநர்களின் தீர்ப்போ பெருந்திரளானோரின் பொதுக்கருத்தோ முடிவு செய்கிறது. பெரும்பான்மைக் கருத்தை 'சரி' எனக் கொள்ளலாமா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை.

கல்வியும் பணியிடமும்

யேல் ஆய்வாளர்கள் உருவாக்கிய பள்ளித் திட்டத்தில், நான்கு நிறக் கட்டங்கள் கொண்ட 'மனநிலைமானி' சுவரில் தொங்குகிறது. சினமும் பதற்றமும் சிவப்பு, உற்சாகம் மஞ்சள், சோர்வு நீலம், அமைதி பச்சை. மாணவர் தம் நிலையைக் கட்டத்தில் குறித்து அதற்குப் பெயரிடுகிறார். 2011இல் வெளியான தொகுப்பாய்வு, இத்தகைய சமூக-உணர்வுக் கல்வித் திட்டங்கள் 213ஐ ஆராய்ந்து, மாணவர் நடத்தையோடு படிப்பும் மேம்பட்டதைக் காட்டியது. டெல்லி அரசுப் பள்ளிகள் 2018இல் 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' தொடங்கின.

பணியிடத்தில் பயன் எல்லா வேலைக்கும் ஒன்றல்ல. டானா ஜோசப், டேனியல் நியூமன் ஆகியோரின் 2010ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, மனிதரோடு இடையறாது பழகும் பணிகளில்தான் இத்திறன் செயல்திறனுக்குத் துணைபுரிகிறது. மற்றப் பணிகளில் அத்துணை தென்படவில்லை. பிறர் மனத்தைப் படிப்பவர் அவரை ஏய்க்கவும் கூடும் என்ற எச்சரிக்கையும் எழுந்துள்ளது.

வளர்த்தல்

முறையான பயிற்சியால் இத்திறன் மிதமாக உயரும் என்பதே ஆய்வுகளின் பொதுவான முடிவு. ஜேம்ஸ் கிராஸ் 1990களிலிருந்து நடத்திய சோதனைகளில், நிகழ்வை வேறு கோணத்தில் பார்ப்பவரின் மனவேதனை தணிந்தது. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கியவருக்கு உள்வேதனை தணியவில்லை, நினைவாற்றலும் குன்றியது. உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிடும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாப் பகுதியின் செயல்பாடு குறைவதை மேத்யூ லீபர்மன் குழு 2007இல் பதிவு செய்தது. பயிற்சியால் கிடைக்கும் உயர்வு மிதமானதே என்பதால், ஒரு நாள் பயிலரங்கால் தலைவர்களை உருவாக்கலாம் என்பது வெறும் விளம்பரம். பெயரிடுதல், காரணம் தேடுதல், மறுகோணத்தில் பார்த்தல் ஆகியவை வீட்டிலும் வகுப்பறையிலும் எவரும் பழகத்தக்கவை. இக்கோட்பாடு சமூகத்துக்கு அளித்த மெய்யான கொடை அவையே.